ஆறு மாதத்தில் இன்னொரு பைத்தான்

இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை மதியம். எங்கள் குழுவில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆன தம்பி ஒருவர் என் இருக்கைக்கு வந்து லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். பைத்தான் மொழியில் எழுதியதை ஓட்டும் இண்டர்பிரெட்டரை முதல் வரியிலிருந்து ரஸ்ட் என்ற மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதியதைப் படித்துப் பிரிக்கும் பார்சர் முடிந்துவிட்டது, கிளாஸ் வேலை செய்கிறது, ஜெனரேட்டர் வேலை செய்கிறது. ஃபிபனாச்சி கணக்கைப் போட்டுக் காட்டினார், எல்லோரும் வழக்கமாகப் பயன்படுத்தும் மூல இண்டர்பிரெட்டரான சிபைத்தானைவிட ஏழு மடங்கு வேகம். நாலு மாதமாக ராத்திரி உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பது கோடை, அதாவது நிரலை, பார்த்தாலே தெரிந்தது. சுத்தமாக இருந்தது. "இன்னும் ஆறு மாசம் அண்ணா. ஃபுல் கம்பாட்டிபிலிட்டி வந்துடும். நம்ம பில்லிங் சர்வீஸையே இதுல ஓட்டலாம்" என்றார். அதாவது, சிபைத்தானில் ஓடுவதெல்லாம் மாற்றமில்லாமல் இதிலும் ஓடும் என்கிறார்.

நான் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது நடக்காதுப்பா" என்று சொன்னேன். அவர் ஏன் என்று கேட்டபோது எனக்குக் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. "நிறைய பேர் முயற்சி பண்ணிட்டாங்க" என்று ஏதோ சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு லேப்டாப்பை மூடிக்கொண்டு போனார். அந்த முகம் ராத்திரி முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. நான் சொன்னது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் சரியான காரணத்தைச் சொல்லாமல் ஒரு இளைஞரின் ஆசையில் தண்ணீர் ஊற்றுவது பெரிய தப்பு. அந்தக் காரணத்தைத் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

ஐந்து மடங்கு

இந்தத் துறையில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்கு "ஐந்து மடங்கு" என்ற சொல் பழக்கப்பட்டிருக்கும். 2009-இல் கூகுள் பொறியாளர்கள் அன்லேடன் ஸ்வாலோ என்ற திட்டத்தை அறிவித்தார்கள். எல்எல்விஎம் என்ற கம்பைலர் கருவித் தொகுப்பை அடியில் வைத்து, பைத்தானை ஐந்து மடங்கு வேகமாக்குவதுதான் இலக்கு. சி மொழியில் எழுதி ஏற்கெனவே இருக்கிற லைப்ரரிகள் எல்லாம் அப்படியே ஓட வேண்டும் என்பதும் இலக்கில் சேர்த்தி. அவர்கள் திறமைசாலிகள், கையில் நேரமும் இருந்தது, முதலாளியின் ஆதரவும் இருந்தது. மறு வருடமே அதைப் பைத்தானின் மூலக் கிளையோடு சேர்க்க முறைப்படி முன்மொழிவும் வைத்தார்கள். 2011-இல் அது முடிந்துபோனது. ஐந்து மடங்கின் பக்கத்தில்கூட வரவில்லை. அதில் வேலை செய்த ஒருவர் பிறகு எழுதிய மதிப்பீட்டை நான் பலமுறை படித்திருக்கிறேன். இன்னொருவர் வீட்டைக் குறை சொல்லாமல், தன் வீட்டில் என்ன நடந்தது என்று நேர்மையாகச் சொல்லும் எழுத்து. ஓடும்போதே கோடை இயந்திர மொழிக்கு மாற்றுவதை ஜிட் என்பார்கள், எல்எல்விஎம் அன்றைக்கு அந்த வேலைக்குத் தயாராக இல்லை. அதன் ஓட்டைகளை அடைப்பதிலேயே காலம் போயிருக்கிறது. அதற்குள், வேகம் வேண்டும் என்று காத்திருந்த குழுக்கள் தங்கள் பிரச்சினையை வேறு வழியில் தீர்த்துக்கொண்டுவிட்டன.

2014-இல் டிராப்பாக்ஸ் பைஸ்டன் என்று ஒன்றை ஆரம்பித்தது. புதிய ஜிட், புதிய வடிவமைப்பு. 2017 ஜனவரியில் நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் இரண்டு எனக்கு முக்கியம். சிபைத்தானோடு இணக்கத்துக்கு எதிர்பார்த்ததைவிட மிக அதிக நேரம் போய்விட்டது என்பது ஒன்று. வேகம் தேவைப்படும் வேலையை நிறுவனம் கோ போன்ற மொழிகளுக்கு மாற்றத் தொடங்கிவிட்டது என்பது இன்னொன்று. பிற்பாடு 2020-இல் பைஸ்டன் மறுபடி வந்தபோது முதலிலிருந்து எழுதவில்லை, சிபைத்தானின் கோடையே எடுத்து அதன்மேல் கட்டினார்கள். அந்தத் திருப்பம் ஒன்றே நிறையச் சொல்கிறது.

இதே ஐந்து மடங்கு 2021-இல் இன்னொரு முறை வந்தது. பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ரோசம் ஓய்விலிருந்து திரும்பி மைக்ரோசாஃப்ட்டில் சேர்ந்திருந்தார். அங்கே சிபைத்தானில் வேலை செய்யும் மார்க் ஷானனின் திட்டத்தைக் கையில் எடுத்தார்கள்: வருடத்துக்கு ஒன்றரை மடங்கு வீதம், நாலு வருடத்தில் ஐந்து மடங்கு. இவர்கள் புதிதாக எதையும் எழுதவில்லை, இருக்கிற இண்டர்பிரெட்டரையே செதுக்கினார்கள். 2022 அக்டோபரில் வந்த பைத்தான் 3.11 சராசரியாக 1.25 மடங்கு வேகம். அது நல்ல வேலை, நானே அனுபவித்தேன். எங்கள் சர்வர் செலவு குறைந்தது. ஆனால் அடுத்தடுத்த பதிப்புகளில் அந்த ஒன்றரை மடங்கு வரவில்லை. 2025 மே மாதம் அந்தக் குழுவில் சிலரை மைக்ரோசாஃப்ட் வேலையிலிருந்து அனுப்பியது. மொழியை உருவாக்கியவரே கூட இருந்து, எதையும் உடைக்காமல் செய்ய முயன்றும் நிலைமை இது.

சரி, இந்தப் பட்டியலைத் தம்பியிடம் நீட்டியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "அவங்களுக்கு அப்ப எல்எல்விஎம் சரியில்ல. இப்ப ரஸ்ட் இருக்கு, ஏஐ இருக்கு." அதுவும் நியாயமான பதில்தான். தோற்றவர்களின் பெயர்களை அடுக்குவது ஒரு காரணம் ஆகாது. எனக்கு இந்த அவநம்பிக்கை புத்தகத்தில் படித்து வந்ததில்லை. அது வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பொங்கலுக்கு மறுநாள்

2013 கடைசி. அப்போது வேறொரு நிறுவனத்தில் இருந்தேன். கடைகளுக்கு அன்றன்றைய கார்டு விற்பனைப் பணத்தைக் கணக்குப் பார்த்து, மறுநாள் யாருக்கு எவ்வளவு போட வேண்டும் என்று வங்கிக்கு ஒரு ஃபைல் அனுப்புவது எங்கள் வேலை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆரம்பிக்கும் பேட்ச் முடிய நாலு மணி நேரம் ஆகும். வியாபாரம் கூடக் கூட அது ஐந்தை நெருங்கியது. ஆறு மணிக்குள் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் ஜிட் வைத்த இன்னொரு பைத்தான் இண்டர்பிரெட்டரான பைபையைப் போட்டுப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். எங்கள் கோடு சுத்தமான பைத்தான் 2.7, நம்பை (NumPy) மாதிரி சி லைப்ரரி எதுவும் கிடையாது. ஒரு வரி மாற்றாமல் ஓடியது. நாலு மணி நேர வேலை ஐம்பதே நிமிடத்தில் முடிந்தது. அன்றைக்கு அலுவலகத்தில் எல்லோருக்கும் நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். மூன்று வாரம் பழைய முறையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி ஒப்பிட்டோம். ஒரு பைசா வித்தியாசம் இல்லை. ஜனவரி முதல் வாரத்தில் முழுதாக மாறிவிட்டோம்.

மாட்டுப் பொங்கல் அன்று காலை பத்தரை மணிக்கு ஒரு கடைக்காரர் போன் செய்தார். முந்தின நாள் விற்பனைக்கு அவர் கணக்கில் 48 ரூபாய் விழுந்திருக்கிறது. வர வேண்டியது 4850. அவருக்குப் பிறகு வரிசையில் இருந்த கடைகளுக்கு ஒன்றுமே போகவில்லை. நான் ஊரில் இருந்தேன். கிடைத்த பஸ்ஸைப் பிடித்து ராத்திரிக்குள் சென்னை வந்தேன். எங்கள் டிஸ்கில் இருந்த ஃபைலைத் திறந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. 4850 என்று முழுதாக இருக்கிறது, அதற்குப் பின்னால் வரும் கடைகளும் இருக்கின்றன. வங்கிதான் தப்புப் பண்ணிவிட்டது என்று ஒரு மணி நேரம் அவர்களோடு பேசினோம். அவர்கள் தங்களுக்கு வந்த பிரதியைத் திருப்பி அனுப்பினார்கள். அது கடைசி வரியின் நடுவில், 48 என்ற இடத்தில் அறுந்து நின்றது. நாங்கள் அனுப்பியது ஒன்று, எங்களிடம் இருப்பது வேறொன்று. எப்படி இது நடக்கும்?

எங்கள் குழுவில் சீனியராக ஒரு அக்கா இருந்தார். அதிகம் பேச மாட்டார். அவர் இரண்டு ஃபைலின் அளவையும் ஒரு தாளில் எழுதினார். எங்களிடம் இருந்தது 43,117 பைட். அவர்களிடம் போனது 40,960. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "40,960ஐ 8192ஆல வகு" என்றார். மிச்சம் இல்லாமல் ஐந்து வந்தது. எனக்கு அந்த நொடியில் உள்ளங்கை வியர்த்தது. 8192 என்பது ஃபைலில் எழுதுவதற்கு முன் மெமரியில் சேர்த்து வைக்கும் பஃபரின் அளவு. ஐந்து பஃபர் டிஸ்குக்குப் போயிருக்கிறது, ஆறாவது கால்வாசி நிரம்பி மெமரியிலேயே நின்றிருக்கிறது.

கோடில் அந்த இடம் ஆறே வரி. ஃபைலைத் திறக்கும், ஒவ்வொரு கடையாக எழுதும், ஃபங்ஷன் முடியும். அடுத்த ஃபங்ஷன் அந்த ஃபைலை எடுத்து வங்கிக்கு அனுப்பும். நடுவில் க்ளோஸ் என்ற ஒரு வரி இல்லை. அதை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். ஐந்து வருடமாக ஒவ்வொரு ராத்திரியும் அது சரியாக ஓடியிருக்கிறது. காரணம், சிபைத்தான் ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். ஃபங்ஷன் முடிந்ததும் அந்த எண் பூஜ்ஜியமாகும், அந்தக் கணமே ஃபைல் மூடப்படும், பஃபரில் இருப்பது டிஸ்குக்குப் போய்விடும். பைபை அப்படி எண்ணுவதில்லை. யாரும் பிடித்திருக்காத பொருட்களை அப்புறப்படுத்தும் அதன் கார்பேஜ் கலெக்டர் தனக்கு நேரம் வரும்போது வந்து கூட்டும். வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம். கூட்ட வரும்வரை ஃபைல் திறந்தே கிடக்கும். புராசஸ் முடிகிறபோது மிச்சம் எழுதப்பட்டுவிடும். அதனால்தான் நாங்கள் பார்த்தபோது டிஸ்கில் முழு ஃபைலும் இருந்தது.

மூன்று வாரம் ஒப்பிட்டபோது ஏன் தெரியவில்லை? முதலாவது, நாங்கள் ஒப்பிட்டது டிஸ்கில் இருந்த ஃபைல்களை. எல்லாம் முடிந்தபிறகு. இரண்டாவது காரணம்தான் என்னை இன்றுவரை விடவில்லை. வியாபாரம் அதிகமான நாட்களில் மெமரி வேகமாக நிரம்பும், அதனால் ஃபைலை எழுதி முடித்து அனுப்புவதற்குள் கலெக்டர் எப்படியும் ஒருமுறை வந்து போய்விடும். பொங்கல் அன்று பாதிக் கடை மூடியிருந்தது. வேலை குறைவு, அதனால் கலெக்டர் வர வேண்டிய தேவையே இல்லை. கூட்டம் அதிகமான நாளில் ஓடி, கூட்டம் இல்லாத நாளில் விழுந்த கோடை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பைபைக்காரர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. சிபைத்தானிலிருந்து தாங்கள் எங்கே மாறுபடுகிறோம் என்று அவர்கள் எழுதி வைத்திருக்கும் பக்கத்தில் இது தெளிவாக இருக்கிறது. பைத்தான் மொழியின் அதிகாரபூர்வக் கையேடும், உடனே அழியும் என்று நம்பியிருக்காதீர்கள், ஃபைலை நீங்களே மூடுங்கள் என்றுதான் சொல்கிறது. தப்பு முழுக்க எங்கள் கோடில். மறுநாள் அதே மாதிரி மூடாத ஃபைல்களைத் தேடினேன். எங்கள் கோடில் மட்டும் நூற்றுக்கு மேல். நாங்கள் பயன்படுத்திய வெளி லைப்ரரிகளிலும் இருந்தன. அன்று மாலையே சிபைத்தானுக்குத் திரும்பினோம். பிற்பாடு வேலையை நாலு புராசஸாகப் பிரித்து ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொண்டுவந்தோம். கடைக்காரருக்கு நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். பண்டிகை நாளில் சரக்கு எடுக்க வைத்திருந்த பணம் அது என்று சொன்னார்.

எழுதி வைக்காத மொழி

அன்றிலிருந்து, ஒரு மொழி என்றால் என்ன என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்த ஆறு வரிதான் கண்ணில் நிற்கிறது. கையேட்டில் இருக்கும் பைத்தான் ஒன்று. இருபது, முப்பது வருடமாக லட்சக்கணக்கானவர்கள் தெரியாமலே சாய்ந்து நிற்கும் பைத்தான் இன்னொன்று. லூப்புக்குள் ஒரு சரத்தோடு இன்னொன்றைக் கூட்டிக்கொண்டே போவதை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வேறு யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்று தெரிந்தால் சிபைத்தான் புதிதாக நகலெடுக்காமல் அதே இடத்தில் நீட்டிவிடும். எண்ணிக்கை வைத்துக்கொள்ளாத இண்டர்பிரெட்டரில் அதே லூப் ஒவ்வொரு முறையும் முழுச் சரத்தையும் நகலெடுக்கும். ஆயிரம் வரிக்குத் தெரியாது, பத்து லட்சம் வரிக்குப் படுத்துவிடும். ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு த்ரெட்கள் ஒரே லிஸ்ட்டில் பூட்டு இல்லாமல் சேர்த்துக்கொண்டிருக்கும் கோடு உலகம் முழுக்க இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் சிபைத்தானின் ஜில் என்ற ஒற்றைப் பூட்டு அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம்விடப் பெரியது சி எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பைத்தானுக்காக சி மொழியில் எழுதிய லைப்ரரிகள். நம்பையும் பாண்டாஸும் இல்லாத பைத்தானை இன்று யாரும் வாங்க மாட்டார்கள். அந்த லைப்ரரிகள் சிபைத்தானின் உள்ளுக்குள் நேரடியாகக் கையை விடுகின்றன. எண்ணிக்கையைக் கூட்டுவது, குறைப்பது, பொருள் மெமரியில் எந்த முகவரியில் இருக்கிறதோ அங்கேயே கடைசிவரை இருக்கும் என்று நம்புவது எல்லாம் அவற்றில் ஊறிப்போனவை. பைபையின் கலெக்டரோ பொருட்களை இடம் மாற்றும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய் உருவம் செய்து சி பக்கம் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டும் ஒவ்வொரு முறையும், ஜிட் சம்பாதித்த வேகத்தில் ஒரு பங்கு போகிறது. டாட்நெட்டில் ஓடும் ஐயர்ன்பைத்தானும் ஜாவாவில் ஓடும் ஜைத்தானும் இந்தச் சுவரில்தான் முட்டின. இதற்குள் மூல மொழி நின்று காத்திருக்காது. சிபைத்தான் 2.7 வந்தது 2010-இல், ஜைத்தான் 2.7 வந்தது 2015-இல். மூன்றாம் பைத்தானுக்கு ஜைத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

ஆகவே "ஃபுல் கம்பாட்டிபிலிட்டி" என்று திட்டத்தின் கடைசியில் ஒரு வரி போட்டு, அதற்கு இரண்டு மாதம் ஒதுக்கியிருந்தால், எனக்கு அந்தத் திட்டத்தில் நம்பிக்கை வருவதில்லை. பார்சரும் கிளாஸும் ஜெனரேட்டரும் முதல் நாலு மாதத்தில் முடிவதில் ஆச்சரியமே இல்லை, அவையெல்லாம் எழுதி வைக்கப்பட்டவை. ஏஐ எழுதித் தரும் என்ற பதிலும் இங்கேதான் எனக்கு உதைக்கிறது. சிபைத்தானின் டெஸ்ட் தொகுப்பைக் கொடுத்து, எல்லாம் பாஸ் ஆகும்வரை எழுது என்று அதனிடம் சொல்லலாம். அது எழுதவும் செய்யும். ஆனால் அந்தத் தொகுப்பிலேயே சில டெஸ்டுகளின் தலையில் இது சிபைத்தானுக்கு மட்டும் என்று குறி போட்டிருக்கிறார்கள். மொழியை வைத்திருப்பவர்களுக்கு எல்லை எது என்று தெரியும். எங்கள் ஆறு வரியின் தலையில் யாரும் எந்தக் குறியும் போடவில்லை.

இதை எழுதும்போது இன்னொரு பக்கத்தையும் மறைக்க மனம் வரவில்லை. பைத்தான் டிக்‌ஷனரியில் போட்ட வரிசையிலேயே சாவிகள் திரும்ப வருகின்றன அல்லவா, அதை முதலில் செய்து காட்டியது பைபை. சிபைத்தானில் வேலை செய்யும் ரேமண்ட் ஹெட்டிங்கர் 2012-இல் முன்வைத்த யோசனை அது. பைபை அதை 2015-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சிபைத்தான் 3.6 அதை எடுத்துக்கொண்டது, 3.7-இல் அது மொழியின் சட்டமானது. அன்லேடன் ஸ்வாலோ விட்டுப்போன வேகச் சோதனைத் தொகுப்பை வைத்துத்தான் பிறகு வந்தவர்கள் அளந்தார்கள். பிஎச்பி மொழியின் உலகத்திலும் இதே கதை. பிஎச்பியை வேகமாக ஓட்ட ஃபேஸ்புக் உருவாக்கிய எச்எச்விஎம்முக்கு விக்கிப்பீடியா 2014-இல் மாறியது. நாம் படிக்கும் தமிழ் விக்கிப்பீடியாவும் அதில்தான் ஓடியது. அந்தப் போட்டி இருந்ததால்தான் பிஎச்பி 7 அவ்வளவு வேகமாக வந்தது என்று நான் நம்புகிறேன். பிற்பாடு எச்எச்விஎம் பிஎச்பியைக் கைவிட்டுத் தன் சொந்த மொழியான ஹேக்கின் வழியில் போனது. விக்கிப்பீடியா 2019-இல் பிஎச்பி 7க்குத் திரும்பியது. மறுபடி எழுதியவர்களின் உழைப்பு இல்லாமல் இந்த மொழிகள் இன்று இருக்கும் இடத்துக்கு வந்திருக்காது. அந்த உழைப்பின்மேல் எனக்கு மரியாதைதான். தேதி போட்டு, பழையதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள் என்று கேட்கும்போதுதான் எனக்கு அந்தக் கடைக்காரர் குரல் கேட்கிறது.

போன வாரம் தம்பியைக் கேன்டீனில் கூப்பிட்டு உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். அன்றைக்கு அப்படிச் சட்டென்று சொன்னதற்கு வருத்தமும் தெரிவித்தேன். பொங்கல் கதையை அவர் நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். "உங்க இண்டர்பிரெட்டர்ல ரெஃபரன்ஸ் கவுண்ட், அந்த எண்ணிக்கை, இருக்கா?" என்று கேட்டேன். "வேகத்துக்காக எடுத்துட்டேன் அண்ணா" என்றார். ஒரு டிஷ்யூ தாளில் அந்த ஆறு வரியை ஞாபகத்திலிருந்து எழுதிக் கொடுத்தேன்.

அன்று ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு மெசேஜ் வந்தது. டெர்மினலின் படம். ஒரு பக்கம் சிபைத்தான் எழுதிய ஃபைலின் அளவு, இன்னொரு பக்கம் அவருடையது: 40,960. கீழே, "அண்ணா, இந்த மாதிரி உங்ககிட்ட இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்டிருந்தார். சனிக்கிழமை இருவருமாக உட்கார்ந்து எங்கள் பில்லிங் சர்வீஸின் பழைய ஸ்கிரிப்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவருடைய இண்டர்பிரெட்டரில் ஓட்டினோம். சாயங்காலத்துக்குள் பதினேழு கிடைத்தன. அதில் மூன்று நான் எழுதியவை. திட்டத் தாளில் ஆறு மாதம் என்று இருந்த வரியை அவர் அடித்துவிட்டு, வேறு தேதி எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறார். இந்தச் சனிக்கிழமையும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.